வண்டிக்கு ஓர் ஐந்தொகை

எங்கள் பெட்ரோல் காருக்குப் பதினான்கு வயதாகியிருந்தது. கிளட்ச்சும் ஏசி கம்பிரசரும் அடுத்தடுத்துப் பழுதானபோது, காரைக்குடியில் அதை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், இனிமேல் இதற்குச் செலவழிப்பதில் பொருளில்லை என்று சொல்லிவிட்டார். அன்று இரவே வீட்டில் பேச்சு தொடங்கியது. சென்னையில் இருக்கும் மகன் மின்சாரக் கார்தான் வாங்க வேண்டும் என்றான். திருச்சியில் இருக்கும் மாப்பிள்ளை, பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர். அதை விட்டுவிட்டு வேறொன்றை ஏன் யோசிக்க வேண்டும் என்று கேட்டார். என் மனைவியோ, யார் சொல்வதையும் கேட்க வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த தொழில் கணக்குதானே, போட்டுப் பாருங்கள் என்றார். நாற்பது ஆண்டுகள் கணக்குத் தணிக்கை செய்து வாழ்ந்தவனுக்கு அந்த மூன்றாவது யோசனையே பிடித்தது. பணக் கணக்கைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் போட்டது எரிசக்திக்கும் புகைக்குமான கணக்கு.

எங்கள் அப்பச்சி பினாங்கில் கடைக் கணக்குப் பார்த்தவர். ஆண்டு முடிவில் வரவையும் பற்றையும் எதிரெதிரே வைத்துச் சரிபார்க்கும் ஐந்தொகையை எடுக்கும்போது, ஒரு வரவு எழுதினால் அதற்கு எதிரே யார் பெயரில் பற்று எழுதுவது என்று தெரியாமல் அந்த வரியைப் பேரேட்டில் ஏற்றவே மாட்டார். ஒரு விற்பனை நிலையத்தில் மின்சாரக் காரின் மேல் ‘புகை பூஜ்யம்’ என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு அவர் நினைவு வந்தது. அந்தக் காருக்குப் புகைக்குழாய் கிடையாது என்பது உண்மை. ஆனால் அதற்குள் செல்லும் மின்சாரத்தின் புகை தூத்துக்குடியிலோ நெய்வேலியிலோ ஒரு கோபுரத்தின் வழியே போய்க்கொண்டிருக்கிறது என்பதும் உண்மை. பெட்ரோலுக்கும் இதே விதிதான். கச்சா எண்ணெயைத் தோண்டி, கப்பலில் ஏற்றி, சுத்திகரித்து, லாரியில் பங்க் வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எரிந்துபோன எரிபொருளும் நம் பற்றில்தான் ஏற வேண்டும்.

முதலில் எரிசக்தி. நாம் மின்கட்டண அட்டையில் பார்க்கும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 8.9 யூனிட் வெப்பம் இருக்கிறது. எங்கள் பழைய கார் லிட்டருக்குச் சராசரியாக 15 கி.மீ. கொடுத்தது; ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பி நோட்டில் குறித்து வைத்த கணக்கு இது. அப்படியானால் 100 கி.மீ. ஓட 6.67 லிட்டர், அதாவது 59 யூனிட் வெப்பம். மாப்பிள்ளையின் ஹைபிரிட் ஏறத்தாழ அதே அளவுள்ள வண்டி. அவர் கையில் லிட்டருக்கு 23 கி.மீ. தருகிறது; 39 யூனிட். அதே அளவுள்ள மின்சாரக் கார் ஒன்று, சுவரில் சொருகும் இடத்தில் அளந்தால், 100 கி.மீ.க்குச் சுமார் 15 யூனிட் எடுக்கிறது.

59, 39, 15. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு முடிவு சொல்பவர்கள் உண்டு. அது சரியான ஒப்பீடு ஆகாது. பெட்ரோல் என்ஜின் தனக்குக் கிடைக்கும் வெப்பத்தில் கால் பங்குக்கும் குறைவாகவே சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுகிறது. மின்சாரக் கார் சுவரிலிருந்து எடுத்ததில் முக்கால் பங்குக்கு மேல் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. ஆனால் மின்சாரக் காருக்கு உரிய வெப்ப இழப்பு வண்டிக்குள் நடக்காமல் மின்நிலையத்தில் முன்கூட்டியே நடந்து முடிந்துவிட்டது. நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது; அதிலும் கம்பி வழியே வரும்போது ஒரு பகுதி தேய்கிறது. அந்தத் தேய்மானத்தை நூற்றுக்குப் பதினைந்து என்று வைத்துக்கொண்டால், 15 யூனிட்டும் முழுக்க நிலக்கரியிலிருந்தே வந்திருக்குமானால், எரிந்த நிலக்கரியின் வெப்பம் ஏறக்குறைய 50 யூனிட். 59, 39, 50 என்று மாற்றி எழுதிப் பார்த்தபோதுதான், ஹைபிரிட்டைப் பற்றி மாப்பிள்ளை சொன்னதை நான் இன்னும் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

அந்த 39 எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சொருகும் வசதியில்லாத இந்த வகை ஹைபிரிட் கார் வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் வாங்குவதில்லை. அதன் சக்தி முழுவதும் பெட்ரோலிலிருந்தே வருகிறது. டொயோட்டா நிறுவனம் 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இந்த வகையின் அடிப்படை மாறவில்லை. என்ஜின் எந்தச் சுமையில், எந்த வேகத்தில் மிகச் சிக்கனமாக ஓடுமோ அந்த நிலையிலேயே அதைப் பெரும்பாலும் ஓடவிட்டு, நின்று கிளம்பும் நேரத்துச் சுமையை மோட்டாரிடம் கொடுத்து, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சிறிய பேட்டரியில் பிடித்து வைத்துக்கொள்வதே அந்த அடிப்படை. இதற்கென்று வடிவமைத்த என்ஜின்கள் தம் சிறந்த நிலையில் வெப்பத்தில் நாற்பது சதவீதம் வரை வேலையாக மாற்றுகின்றன. ஆகவே கடைத்தெரு நெரிசலில் ஹைபிரிட் மிகுதியாக மிச்சப்படுத்துகிறது. நாற்கரச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அந்த மிச்சம் குறைகிறது. மைல்டு ஹைபிரிட் என்ற பெயரில் விற்கப்படுபவை இந்தக் கணக்கில் சேரா. அவற்றின் மோட்டார் வண்டியைத் தனியாக நகர்த்த முடியாது, மிச்சமும் சொற்பமே. பெயரில் ஹைபிரிட் என்று இருப்பதைப் பார்த்து வாங்கிவிட்டு மைலேஜ் கிடைக்கவில்லை என்று வருந்துபவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

இனி கரியமில வாயு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.31 கிலோ, டீசல் எரிந்தால் 2.68 கிலோ வெளியாகிறது. ஒரு லிட்டருக்கு ஒரு கிலோகூட எடையில்லாத பொருள் இரண்டு கிலோவுக்கு மேல் புகையாவது எப்படி என்று என் மனைவி கேட்டார். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்தது. பங்க் வரை கொண்டுவந்து சேர்க்கும் செலவுக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டால், 100 கி.மீ.க்கு எங்கள் பழைய காரின் பற்று 18.5 கிலோ, ஹைபிரிட்டின் பற்று 12 கிலோ. (இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதில் லிட்டருக்கு வெப்பம் சற்றுக் குறைவு, மைலேஜும் குறைகிறது; கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் ஆகும் நீரையும் உரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். குழப்பம் வேண்டாமென்று கலப்பில்லாத பெட்ரோலுக்கே கணக்குப் போட்டிருக்கிறேன்.)

மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் ஒரு சராசரி எண்ணை வெளியிடுகிறது. 2022-23ஆம் ஆண்டுக்கு அது யூனிட்டுக்கு 0.716 கிலோ. நாடு முழுவதற்குமான சராசரி இது. 15 யூனிட் நம் சுவரில் கிடைக்க வேண்டுமென்றால் மின்நிலையத்தில் 17.6 யூனிட் உற்பத்தியாக வேண்டும். அதற்கு 12.6 கிலோ, நிலக்கரியை வெட்டிச் சுமந்து வருவதற்குக் கொஞ்சம் சேர்த்தால் 13 கிலோவுக்குச் சற்று மேல். அதாவது, சராசரி மின்சாரத்தில் ஓடும் மின்சாரக் கார், நம் பழைய பெட்ரோல் காரை விடத் தெளிவாகக் குறைவு. நல்ல ஹைபிரிட்டுக்கு ஏறத்தாழச் சமம், ஒரு கிலோ கூடுதல் என்றுகூடச் சொல்லலாம். இந்த விடை எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மூன்று முறை திரும்பப் போட்டும் அதே எண்தான் வந்தது.

டீசலைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. அதே அளவுள்ள டீசல் கார் கரியமில வாயுவில் பெட்ரோலை விடச் சற்றுக் குறைவு. நைட்ரஜன் ஆக்சைடுகளில் கூடுதல். 2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான பிஎஸ் 6 விதி வந்தபின் இவை வெகுவாகக் குறைந்திருக்கின்றன என்றாலும், புகையை வடிகட்டும் கருவிகள் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும் என்பதை மறக்கக் கூடாது. பள்ளத்தூரிலிருந்து கானாடுகாத்தானுக்கோ கோட்டையூருக்கோ போய்வரும் சிறு ஓட்டத்தில் அவை சூடேறுவதற்குள் வண்டி மறுபடி கொட்டகைக்குள் நின்றுவிடுகிறது. தெருவில் விளையாடும் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றைப் பொறுத்தவரை, மின்சார வண்டிக்கு ஈடு இல்லை.

பேட்டரிக்கு வருகிறேன். காரைக்குடியில் வாழ்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், எங்கள் பேச்சு வழக்கில் சிக்ரி, பேட்டரிகளையும் உலோக அரிமானத்தையும் ஆராய்ந்து வருகிறது. அங்கே பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், என் நோட்டைப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்தையே விட்டுவிட்டீர்களே என்றார். வண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஓடுவதற்கு முன்பே, பேட்டரி செய்தபோது வெளியான புகை கடனாக நிற்கிறது என்பதே அவர் சொன்னது. ஒரு கிலோவாட் மணி கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரியைச் செய்ய 60 முதல் 100 கிலோ வரை கரியமில வாயு வெளியாகிறது. 40 கிலோவாட் மணி பேட்டரி என்றால், நடுவில் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டால், மூன்று டன். ஹைபிரிட்டின் பேட்டரி பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கிலோவாட் மணிதான். அதன் கடன் கணக்கில் தெரியாத அளவு சிறியது.

இந்த மூன்று டன்னைக் கடனின் அசல் என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொரு 100 கி.மீ.க்கும் பெட்ரோல் காரை விட மிச்சமாகும் 5.2 கிலோவைத் தவணையாகக் கழித்தால், கடன் தீர ஏறக்குறைய 58,000 கி.மீ. ஓட வேண்டும். நான் ஆண்டுக்கு 9,000 கி.மீ.தான் ஓட்டுகிறேன். ஆறரை ஆண்டுகள். அதற்குப் பிறகுதான் வண்டி வரவு வைக்கத் தொடங்கும். இந்த இடத்தில் நான் ஏறத்தாழ ஹைபிரிட்டுக்குத் தீர்மானித்திருந்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

தீர்மானத்தை மாற்றியது 0.716 என்ற எண்ணைப் பற்றிய ஒரு யோசனை. அது சராசரி. எந்தச் சராசரிக்கும் உள்ளே மேடும் பள்ளமும் இருக்கும். நண்பகலில் நாட்டின் மின்சாரத்தில் சூரிய ஒளியின் பங்கு மிகுந்திருக்கிறது. அனல்மின் நிலையங்கள் தம் திறனில் 55 சதவீதம் வரை தணிந்து ஓடுகின்றன. மாலை ஆறு மணிக்குமேல் வீடுதோறும் விளக்கும் ஏசியும் போடப்படும்போது, சூரியன் போய்விட்டபடியால், அதே நிலையங்கள் முழு மூச்சாக எரிகின்றன. நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருளைச் சாராத நிலையங்களின் பங்கு 2025இல் நாட்டின் நிறுவு திறனில் பாதியாகிவிட்டது. ஆனாலும் உற்பத்தியான யூனிட்டுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியின் பங்கே. திறன் வேறு, உற்பத்தி வேறு. கடை வைத்திருப்பதற்கும் கடை திறந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. தமிழ்நாட்டுக்கு இன்னொரு கொடையும் உண்டு. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் உடுமலையிலும் காற்றாலைகள் இரவும் பகலும் சுழலுகின்றன. எங்கள் சிவகங்கை மாவட்டத்தை ஒட்டிய இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்குகிறது.

நகரத்தில் வேலைக்குப் போகிறவர்களின் கார் நண்பகலில் அலுவலகத்து வாசலில் நிற்கிறது. அவர்கள் இரவு பத்து மணிக்கு வீட்டில் சொருகுகிறார்கள். செட்டிநாட்டில் ஓய்வுபெற்று வாழ்பவர்களின் காரோ காலை ஒன்பது மணிக்குள் கடைக்கும் கோயிலுக்கும் போய்விட்டு, வெயில் ஏறும் நேரத்தில் கொட்டகையில் நிற்கிறது. எந்த வண்டியை வாங்குவது என்ற கேள்வியோடு, எந்த நேரத்தில் அதைச் சொருகப் போகிறோம் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். சொந்தச் சூரியத்தகட்டின் மின்சாரத்துக்கு, தகட்டைச் செய்தபோது ஆன புகையைப் பங்கிட்டுச் சேர்த்தாலும், யூனிட்டுக்கு 50 கிராமுக்கு மேல் போகாது. கம்பித் தேய்மானமும் இல்லை. 100 கி.மீ.க்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. பேட்டரிக் கடன் 17,000 கி.மீ.யில், என் ஓட்டத்துக்கு இரண்டே ஆண்டுகளுக்குள், தீர்ந்துவிடும். ஆண்டுக்கு 9,000 கி.மீ. என்றால் நாளொன்றுக்கு நாலு யூனிட்டுக்கும் குறைவு. நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக அந்த நாலு யூனிட்டைத் தந்துவிடும்.

தணிக்கைக்காரன் என்ற முறையில் இங்கே ஒன்றை எழுதியாக வேண்டும். ஒருவர் ஏற்கெனவே தகடு வைத்து, மிஞ்சிய மின்சாரத்தை மின் வாரியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தால், அந்த யூனிட்டுகள் எங்கோ கொஞ்சம் நிலக்கரியை மிச்சப்படுத்தி வந்தன. அதே யூனிட்டுகளைக் காருக்குத் திருப்பிவிட்டு, காரின் புகை குறைந்துவிட்டது என்று மறுபடி வரவு வைத்தால் ஒரே வரவு இரண்டு இடத்தில் ஏறிவிடும். காருக்கென்றே புதிதாகத் தகடு வைத்தால்தான் முழு வரவு காருக்கு உரியது. தகடு இல்லாமல் நண்பகலில் வாரிய மின்சாரத்தையே எடுத்தாலும் ஓரளவு நன்மை உண்டு. காற்றும் வெயிலும் மிகுந்த நாள்களில் வாங்க ஆளில்லாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் நேரங்கள் உண்டு; அந்த நேரத்தில் கூடும் தேவை, வீணாகப் போக இருந்ததைப் பயன்படுத்துகிறது.

ஆகவே 30 கிலோவாட் மணி பேட்டரியுள்ள சிறிய மின்சாரக் கார் ஒன்றை வாங்கினேன். பெரிய பேட்டரி எனக்குத் தேவைப்படவில்லை. சென்னை 400 கி.மீ.க்கு மேல், அதற்குக் காலையில் காரைக்குடியிலிருந்து புறப்படும் பல்லவன் ரயில் இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு முறை போகும் தூரத்துக்காக, மீதி நாள்களெல்லாம் கூடுதல் பேட்டரியைச் சுமந்து திரிவதும் அதன் கடனைக் கட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரியையே தேர்ந்தெடுத்தேன். எங்கள் சித்திரை வெயிலை அது மற்ற வகைகளை விடப் பொறுத்துக்கொள்ளும், நிக்கலும் கோபால்ட்டும் அதில் இல்லை. பழைய காரை விற்கவில்லை. விற்றால் அது வேறொருவர் கையில் அதே புகையை விடும், உடைக்கக் கொடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் ஹைபிரிட்டை மாற்றும்படி நான் சொல்லவில்லை. அவர் மாதம் இரண்டாயிரம் கி.மீ. ஓடுகிறார், அடுக்ககத்தில் வாழ்கிறார், சொருகுவதானால் இரவில்தான் சொருக முடியும். அவருடைய ஐந்தொகையில் ஹைபிரிட் இன்றைக்குச் சரியான இடத்தில் இருக்கிறது. மாறாக, ஸ்கூட்டர் வைத்திருக்கும் யாரிடமும் நான் தயங்காமல் மின்சாரத்துக்கு மாறச் சொல்கிறேன். லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் 100 கி.மீ.க்கு 6 கிலோ. மூன்று யூனிட்டில் அதே தூரம் போகும் மின்சார ஸ்கூட்டர், இரவில் சொருகினாலும், 3 கிலோவுக்குள். அதன் மூன்று கிலோவாட் மணி பேட்டரியின் கடன் ஏழாயிரம் கி.மீ.க்குள் அடைந்துவிடும். செட்டிநாட்டுத் தெருக்களில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இரு சக்கர வண்டிகள்தாம் என்பதால், இந்தக் கணக்கு என் காரின் கணக்கை விட முக்கியமானது.

வீட்டில் வேலை எளிதாக முடியவில்லை. எங்கள் வீடு ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பது. மீட்டர் முகப்பில், கார் கொட்டகை பின்தெருவில், நடுவே முற்றமுள்ள வளவும் இரண்டாங்கட்டும் மூன்றாங்கட்டும். கொட்டகைக்கு ஏற்கெனவே போயிருந்த மெல்லிய ஒயரில் 15 ஆம்பியர் இழுத்தால் அது சூடாகிவிடும் என்று எலக்ட்ரீஷியன் மறுத்துவிட்டார். நாலு ஸ்கொயர் (குறுக்குப் பரப்பு நாலு சதுர மி.மீ.) செம்பு ஒயரை 200 அடிக்கு இழுத்து, தனியாக எர்த் போட்டு, கொட்டகையில் ஒரு துணை மீட்டரும் வைத்தோம். அந்தத் தடிப்பிலும் ஒயரில் மட்டுமே நூற்றுக்கு மூன்றரை பங்குக்கு மேல் வீணாகிறது என்று கணக்கில் தெரிகிறது. இரண்டரை ஸ்கொயர் போட்டிருந்தால் ஆறு பங்கு போயிருக்கும். பழைய வீடுகளில் மின்சார வண்டி வைக்க நினைப்பவர்கள் வண்டியின் விலையைக் கேட்பதற்கு முன் இந்த ஒயரைப் பார்க்க வேண்டும். இரு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கு மாறும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துணை மீட்டரின்படி மார்கழியில் 100 கி.மீ.க்கு 12 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆனது. சித்திரையில் 15ஐத் தொட்டது. வேறுபாடு ஏசியினால் வருவது. ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் எடுக்கிறது என்று கொண்டால், கடைத்தெருவில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஊர்பவருக்கு அது 100 கி.மீ.க்கு 4 யூனிட் கூடுதல். திருச்சி சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு ஒன்றேகால் யூனிட்தான். நிறுவனங்கள் அறிவிக்கும் மைலேஜும், ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் ஓடும் தூரமான ரேஞ்சும் ஏசி போடாமல் அளக்கப்பட்டவை என்பதால், எங்கள் வெயிலில் எந்த வகை வண்டிக்கும் அந்த எண்கள் கிடைக்கா.

தகடு இன்னும் வைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஆனால் நாட்டு ஓடு வேய்ந்த சரிவுக் கூரையின்மேல் தகடு ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது. கொட்டகைக்குமேல் இரும்புச் சட்டம் நிறுத்தி அமைக்கலாம். அது பொது இடம். வீட்டில் ஐந்து பங்கு. நால்வர் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். மலேசியாவில் இருக்கும் பங்காளி அண்ணன், ஆடியில் முன்னோருக்கான படைப்புக்கு வரும்போது கொட்டகையை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறார். அதுவரைக்கும் காலை பத்தரை மணிக்குச் சார்ஜ் ஏறத் தொடங்கி மூன்று மணிக்கு நிற்கும்படி டைமர் வைத்திருக்கிறேன். துணை மீட்டர் எண்ணை நாள்தோறும் மாலையில் நோட்டில் எழுதி வருகிறேன்.